வாடகை வீட்டில் இருந்துகொண்டு அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிப்பது எப்படி: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பத்தின் வாடகையை மாதாமாதம் அரசாங்கம் கட்டும் தனித் திட்டம் இலங்கையில் இல்லை. புயலிலோ வெள்ளத்திலோ வீடு போனவர்களுக்குச் சிலவேளை தற்காலிக வாடகைக் கொடுப்பனவு அறிவிப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த பிறகு அப்படி அறிவித்தார்கள். அனர்த்தம் இல்லாத சாதாரண காலத்தில், வாடகைக்குக் கைகொடுக்கக்கூடிய பெரிய அரச உதவி, வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசுமதான்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கும் படிவம் நிரப்பும் இடங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். சொந்தக் காணியில் தகரக் கொட்டில் போட்டிருப்பவருக்கு வேலை சுலபமாக முடிகிறது. அதே கூலிவேலை செய்து, வாடகையும் கட்டுபவரின் விண்ணப்பம் இழுபடுகிறது, அல்லது தள்ளுபடியாகிறது. பதிவு ஒரு ஊரில், இருப்பு இன்னொரு ஊரில். வீடு ஒருவருடையது, கரண்ட் பில் அவருடைய பெயரில், சுவரும் தரையும் அவருடைய வசதியைக் காட்டுகின்றன. படிவத்தைக் கையில் எடுக்கும் முன்பே இவற்றைச் சரிசெய்ய வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் படிவம் பிந்தித்தான் வரும். ஒழுங்கை மாற்றினால் ஒரே கந்தோருக்குப் பலமுறை அலைய வேண்டிவரும்.

1. எதை வைத்துத் தெரிவு செய்கிறார்கள்

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த நலன்புரி நன்மைகள் சபை இதை நடத்துகிறது. தெரிவான குடும்பங்கள் நான்கு வகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. 2025 ஜனவரி முதல் ‘வறிய’ வகுதிக் குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும் ‘மிகவும் வறிய’ வகுதிக் குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் கொடுக்கிறார்கள். மற்ற இரு வகுதிகளுக்கும் இதைவிடக் குறைவாகவே அறிவித்தார்கள். தொகையும் காலமும் வர்த்தமானி மூலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் பிரதேச செயலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுபது வயது கடந்தவர், மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளி ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவுகள் உண்டு. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள். குடும்பப் படிவத்தில் எழுதினால் அது தானாக வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம்.

தெரிவுக்கு மாத வருமானம் மட்டும் போதாது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறார்கள். ‘இவருக்கு வருமானம் குறைவு’ என்று எவரிடமாவது ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவது இதனால்தான். கடிதத்துக்குப் புள்ளி கிடையாது, குறிகாட்டிகளுக்குத்தான் புள்ளி.

வாடகைக்கு இருப்பவருக்குச் சிக்கல் தருவதும் இதே முறைதான். வீட்டு நிலைமையும் மின் பாவனையும் அவருடைய வசதியைக் காட்டுவதில்லை, வீட்டுக்காரருடைய வசதியைக் காட்டுகின்றன. கீழே வரும் படிகளில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கானவை.

2. முதலில் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) பதிவு

நீங்கள் இப்போது எந்தக் கிராம அலுவலர் பிரிவில் படுத்து எழும்புகிறீர்களோ, அங்கே பதிவு இருக்க வேண்டும். கணக்கெடுப்பும் பட்டியலும் மேன்முறையீடும் அந்தப் பிரிவையும் அதன் பிரதேச செயலகத்தையும் வைத்தே நடக்கின்றன. பதிவு துணுக்காயில், இருப்பு கரைச்சியில் என்றால், துணுக்காயில் உங்களைத் தேடி வருபவருக்கு ஆள் கிடைக்காது. கரைச்சியில் உங்கள் பெயரே இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். பழைய பிரிவின் விதானையாரிடம் போய், குடும்பம் இடம் மாறியதை உறுதிப்படுத்தும் கடிதம் எடுங்கள். அதோடு புதிய பிரிவின் விதானையாரைச் சந்தியுங்கள். அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அல்லது அயலில் விசாரிப்பார். பிறகு பதிந்துகொள்வார். பழைய கடிதம் இல்லாமல் போனால் ‘அங்கேயும் உதவி எடுத்துக்கொண்டு இங்கேயும் வருகிறாரோ’ என்ற சந்தேகம் அவருக்கு வருவது இயல்பு. பதிவு முடிந்ததும் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் இடுவித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதானையார் கந்தோரில் இருக்கும் நாட்களை முதலில் விசாரியுங்கள். வாரத்தில் எல்லா நாளும் இருக்கமாட்டார். கூலிவேலையை விட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதில் ஒரு நாள் சம்பளம் போகும்.

அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்காகப் புது அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கத் தேவையில்லை. இலக்கம் சரியாக இருந்தால் போதும், இப்போதைய முகவரியை வதிவிடச் சான்றிதழ் காட்டும்.

இதைவிடக் கனமான பயம் ஒன்று வன்னியில் உண்டு: ‘பதிவை மாற்றினால் ஊரில் காணி போய்விடுமோ, வீட்டுத்திட்டத்தில் பெயர் வெட்டுப்படுமோ.’ இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. காணி உரித்து அனுமதிப்பத்திரத்திலும் உறுதியிலும் காணிப் பதிவுகளிலும் இருக்கிறது, பதிவை மாற்றுவதால் அந்தத் தாள்கள் செல்லாமல் போவதில்லை. ஆனால் வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலுக்கு, அந்தப் பிரிவில் வசிக்கிறாரா என்று பார்ப்பது வழமை. எனவே அப்படியொரு பட்டியலில் பெயர் இருந்தால், அல்லது அரசு பிடித்து வைத்திருக்கும் காணி விடுபடக் காத்திருந்தால், பதிவை மாற்றும் முன் பழைய பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். தொழிலுக்காக, அல்லது பிள்ளைகளின் படிப்புக்காகத் தற்காலிகமாக வாடகைக்கு இருப்பதாகவும், காணிக் கோரிக்கையைக் கைவிடவில்லை என்றும் அதில் எழுதுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால், அடுத்த உத்தியோகத்தர் மாறி வரும்போது அது காற்றோடு போய்விடும்.

3. வீட்டுக்காரரிடமிருந்து ஒரு தாள்

வன்னியில் சிறிய வாடகைகளில் பெரும்பாலானவை வாய்ப்பேச்சில் நடப்பவை. முற்பணம் கொடுத்து, மாதம் பிறந்தால் கையில் காசைக் கொடுத்து, அதோடு சரி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. அதைச் சொல்லி வீட்டுக்காரரை நெருக்க வேண்டாம். இங்கே நமக்குத் தேவை நீதிமன்றத்தில் நிற்கும் உறுதி அல்ல. ‘இந்த வீடு இவருடையதல்ல, வாடகைக்கு இருக்கிறார்’ என்று கையெழுத்துடன் ஒரு தாள் இருந்தால் விதானையாருக்கும், வீட்டுக்கு வந்து தகவல் பதியும் கணக்கெடுப்பாளருக்கும் போதும்.

ஆனால் அந்தத் தாளைக் கேட்டாலே பல வீட்டுக்காரர்கள் பின்வாங்குவார்கள். காரணம் இருக்கிறது. வன்னியில் ஏராளமான காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுபட்டவை. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவற்றைக் குத்தகைக்கு விட முடியாது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கும் மனதில் ஒரு உறுத்தல் இருக்கும். இன்னும் சிலருக்கு, எழுதிக் கொடுத்தால் குடியிருப்பவர் எழும்பமாட்டார் என்ற பயம்.

ஆகவே கேட்கும் விதம் முக்கியம். ‘வாடகை ஒப்பந்தம் தாருங்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். அந்த வரி வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. உங்களுக்கும் அதே வரிதான் வேண்டும், ஏனென்றால் வீட்டுரிமைக் கேள்விக்கு அதுவே பதில். இப்படி எழுதலாம்:

‘மேற்படி முகவரியிலுள்ள எனது வீட்டின் முன் அறையிலும் குசினியிலும் (அல்லது முழு வீட்டிலும்) ………… என்பவரும் அவரது குடும்பத்தாரும் ………… மாதம் தொடக்கம் மாதம் ரூபா ………… வாடகைக்குக் குடியிருந்து வருகின்றனர். இவ்வீட்டிலோ காணியிலோ அவர்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை. மின் இணைப்பு எனது பெயரில் உள்ளது. அதன் கணக்கிலக்கம் ………… . இதே இணைப்பில் எனது வீட்டின் பாவனையும் சேர்ந்துள்ளது.’

கீழே கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், திகதி. கடைசி இரண்டு வசனங்களைப் பலர் விட்டுவிடுவார்கள். அவை ஏன் வேண்டும் என்பது அடுத்த படியில்.

வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் எழுதித் தரலாம். யாருக்காகப் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். என்ன கேட்டும் தாள் கிடைக்கவில்லையா? விதானையாரிடம் அதை மறைக்காமல் சொல்லி, அயலவர் இருவரை அழைத்துப்போய் அவர் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். வீட்டுக்காரரின் பெயரில் நீங்களே கையெழுத்து வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். விசாரித்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் வெளுத்துவிடும், பிறகு உண்மைத் தாளையும் நம்பமாட்டார்கள்.

இன்று முதல் வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, தொகை எழுதிச் சிறுகையெழுத்து வாங்குங்கள். மேன்முறையீட்டில் இந்தக் கொப்பிக்கு நல்ல பெறுமதி உண்டு.

4. கரண்ட் பில்: அதிகம் பேர் விழும் குழி

படிவத்தில் மின் கணக்கிலக்கம் கேட்பார்கள். மாதம் எத்தனை அலகு பாவிக்கிறீர்கள் என்பது பொருளாதார நிலையைக் காட்டும் குறிகாட்டிகளில் ஒன்று. சொந்த வீட்டுக்காரருக்கு இது நேரான கேள்வி. வாடகைக்காரருக்கு அப்படியில்லை.

கனகபுரம் பக்கம் அரை வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் இருப்பது இரண்டு மின்குமிழ், ஒரு மேசை விசிறி, பிள்ளை படிக்க ஒரு போன் சார்ஜர். ஆனால் அதே மீற்றரில் வீட்டுக்காரரின் குளிர்சாதனப் பெட்டியும், கிணற்று மோட்டரும் ஓடுகின்றன. மோட்டர் காலையிலும் பின்னேரமும் தோட்டத்துக்கு இறைக்கும். பில்லில் வரும் அலகைப் பார்த்தால் வசதியான வீடு. அந்தக் கணக்கிலக்கத்தை எந்த விளக்கமும் இல்லாமல் எழுதிக் கொடுத்தால், தோட்டத்துக்கு இறைத்த தண்ணீரும் இந்தக் குடும்பத்தின் வசதியாகக் கணக்கில் ஏறும்.

இதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உப மீற்றர். உங்கள் பகுதிக்குத் தனி உப மீற்றர் இருந்தால், ஒவ்வொரு மாதமும் பில் வரும் நாளில் அதன் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது, வீட்டுக்காரரின் தாளில் ‘இதே இணைப்பில் எனது பாவனையும் சேர்ந்துள்ளது’ என்ற வசனம். மூன்றாவது, கணக்கெடுப்பாளர் வரும்போது அவரை மீற்றர் பெட்டியடிக்குக் கூட்டிப்போய் மோட்டரின் வயரைக் காட்டுவது. வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது பலம்.

முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தால் பில் முழுக்க உங்களுடையதுதான். பெயர் வேறாக இருந்தாலும் அந்தக் கணக்கிலக்கத்தையே கொடுங்கள். பில் உங்கள் பெயரில் இல்லை என்பதற்காக அந்த இடத்தை வெறுமையாக விடுவதும், குறைந்த பில் வரும் உறவினரின் இலக்கத்தை எழுதுவதும் அடிக்கடி நடக்கின்றன. முதலாவதில் விண்ணப்பம் நிறைவில்லாமல் நிற்கும். இரண்டாவது பொய்த் தகவல், பிறகு வெட்டுப்பட்டால் வாதாட இடமிருக்காது.

5. குடும்பம் என்றால் யார் யார்

ஒரு அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் இருந்தாலும் அடுப்பு வேறு என்றால் குடும்பம் வேறு. அதனால்தான் மாதிரிக் கடிதத்தில் ‘குசினியிலும்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் குடும்பத்தோடு உங்களையும் சேர்த்து எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

வாடகையைப் பகிர இரண்டு சகோதரிகள் குடும்பமாக ஒரே வீட்டில் இருப்பதும் வழமை. சமையல் ஒன்றாக இருந்தால் இரண்டு விண்ணப்பம் போட வேண்டாம். உண்மையில் தனித்தனிச் சமையல் என்றால் போடலாம், ஆனால் பார்க்க வருபவருக்கு இரண்டு அடுப்பு தெரிய வேண்டும்.

குடும்பத் தலைவர் பற்றிய கேள்வியில் வன்னிப் பெண்கள் பலர் தடுமாறுகிறார்கள். கணவர் இறுதி யுத்தத்தில் காணாமற்போனார், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பவில்லை, எனவே ‘திருமணமானவர்’ என்று எழுதி விடுகிறார்கள். அப்படி எழுதினால் உழைக்கும் கணவர் இருக்கும் குடும்பம் போலத் தோன்றும். மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். அது இருந்தால் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். இல்லாவிட்டால் ஏற்கனவே கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையாவது வையுங்கள். குடும்பத் தலைவராக உங்கள் பெயரையே எழுதுங்கள்.

கணவர் விட்டுப்போனாலும், வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பாவிட்டாலும் நிலைமையை உள்ளபடி விதானையாரிடம் சொல்லிப் பதியுங்கள்.

6. கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவற்றை மூலப்பிரதியும் போட்டோக் கொப்பியுமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வயது வந்த எல்லோரின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வதிவிடச் சான்றிதழ், வீட்டுக்காரரின் தாள், கடைசி மாதங்களின் கரண்ட் பில், வாடகைக் கொப்பி, கிளினிக் புத்தகம், மாற்றுத்திறனாளி என்றால் மருத்துவச் சான்று, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் விவரம்.

பெயர் எழுத்து வேறுபாட்டை இப்போதே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பது, இடம்பெயர்ந்து ஆவணங்களைத் திரும்ப எடுத்த குடும்பங்களில் சாதாரணம். படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், வங்கியும் அதைத்தான் பார்க்கும்.

7. படிவம்

விண்ணப்பம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். சபை காலம் அறிவித்துத்தான் கோரும். இரண்டாம் கட்டத்துக்கு 2024 பெப்ரவரியில் அப்படித்தான் கோரினார்கள். அறிவித்த பிறகு பதிவையும் வீட்டுக்காரரின் தாளையும் தேடத் தொடங்குபவருக்கு நாள் போதாது. முதல் ஆறு படிகளையும் அறிவிப்பு இல்லாத காலத்திலேயே முடித்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

படிவத்தைச் சபையின் இணையதளத்திலும் நிரப்பலாம், பிரதேச செயலகத்தில் உள்ள நலன்புரி நன்மைகள் பிரிவிலும் உதவி கேட்கலாம். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. கணினியில் படிவம் நிரப்பித் தரும் தொடர்பு நிலையத்தில் தட்டச்சு செய்யக் காசு எடுப்பது வேறு விஷயம். ‘எனக்கு ஆள் இருக்கிறது, பெயர் போடுவித்துத் தருகிறேன்’ என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளையும் நம்பாதீர்கள். அரச இணையதள முகவரி ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடியும்.

வீட்டு நிலைமைப் பகுதியில் இரண்டு வகைக் கேள்விகள் வருகின்றன. சுவர், கூரை, தரை, மலசலகூடம், தண்ணீர் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கல்வீட்டில் இருந்துகொண்டு ஓலைக் கொட்டில் என்று எழுதினால் பார்க்க வருபவரிடம் முதல் நிமிடத்திலேயே அகப்படுவீர்கள். வீட்டின் உரிமை பற்றிய கேள்விதான் உங்களுடைய இடம். அங்கே ‘வாடகை’ என்பது பதிவாக வேண்டும். தொடர்பு நிலையத்துத் தம்பி அவசரத்தில் ‘சொந்தம்’ என்று தட்டிவிட்டுப் போய்விடுவார், அனுப்பும் முன் திரையில் அந்த வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தொலைபேசி இலக்கமாக உங்கள் கையில் இருக்கும் இலக்கத்தையே கொடுங்கள். தொடர்பு நிலையத்தின் இலக்கமோ, அடிக்கடி சிம் மாற்றும் மகனின் இலக்கமோ வேண்டாம். அனுப்பியதும் கிடைக்கும் விண்ணப்ப இலக்கத்தைக் கோப்பின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள்.

8. கணக்கெடுப்பாளர் வரும் நாள்

முழு வேலையும் இந்தச் சந்திப்பில்தான் தங்கியிருக்கிறது. வருபவர் பெரும்பாலும் இளம் வயதினர், கையில் கருவி, அன்று முடிக்க வேண்டிய வீடுகள் நிறைய. வாசலில் நின்று பார்த்தால் அவருக்குத் தெரிவது மாபிள் பதித்த விறாந்தையும் நிறம் பூசிய சுவரும்தான்.

வீட்டுக்காரர் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பொருட்கள் இன்னொரு தொல்லை. ஹோலில் ஒரு பெரிய தொலைக்காட்சி, ஓடாத குளிர்சாதனப் பெட்டி, விறாந்தை மூலையில் படங்கு மூடிய மோட்டார் சைக்கிள். கணக்கெடுப்பாளருக்குச் சொத்துகளையும் பதிய வேண்டியிருக்கிறது. நீங்கள் பேசாமல் நின்றால் அத்தனையும் உங்கள் கணக்கில்.

எனவே அவர் வந்து உட்காரும் முன்பே, பேச்சின் முதல் வசனமாகச் சொல்லுங்கள்: ‘தம்பி, இது எங்கட வீடில்லை, வாடகைக்கு இருக்கிறம். இந்தா கடிதம்.’ பிறகு எந்த அறை உங்களுடையது, எந்தப் பொருள் வீட்டுக்காரருடையது என்று நடந்து காட்டுங்கள். பூட்டிய அறை இருந்தால் ‘அது அவையள் பூட்டி வச்சிருக்கினம்’ என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் யார் பெயரில் என்று அவரே கேட்கலாம், வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள்.

கஷ்டத்தைக் கதையாகச் சொல்வதில் பலர் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அது அவருக்கு விளங்காமலில்லை, ஆனால் கருவியில் கதைக்குக் கட்டம் இல்லை. நோய் என்றால் கிளினிக் புத்தகம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டது என்றால் எந்த வகுப்போடு, கூலிவேலை என்றால் மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது என்று கட்டத்துக்குள் அடங்கும் பதிலைக் கொடுங்கள்.

கடைசியில் ‘வீட்டுரிமையில் என்ன பதிந்தீர்கள், கரண்டில் என்ன பதிந்தீர்கள்’ என்று இரண்டை மட்டும் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வேலைக்குப் போகும் குடும்பமாக இருந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். நெல் வெட்டுக் காலத்தில் இது இன்னும் மோசம். வீட்டில் நிற்கும் நேரத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் விதானையாரிடமும் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

9. பட்டியல் வந்த பிறகு

பெயர்ப் பட்டியல் பிரதேச செயலகத்திலும் விதானையார் கந்தோரிலும் காட்சிக்கு வைக்கப்படும், இணையத்திலும் பார்க்கலாம். பெயர் இல்லாவிட்டாலோ, வகுதி குறைவாக இருந்தாலோ மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் காலவரையறை உண்டு என்பதால் பட்டியல் வந்தது என்று கேள்விப்பட்ட அன்றே போய்ப் பாருங்கள். மற்றவர்கள் உங்களுக்கு எதிராக ஆட்சேபனை தெரிவிக்கவும் இடமுண்டு. ‘கல்வீட்டில் இருக்கிறா, அவவுக்கு எதற்கு’ என்று அயலில் இருந்து ஒருவர் எழுதிவிட்டால், அந்த விசாரணைக்கும் இதே கோப்பைத்தான் எடுத்துப்போக வேண்டும்.

மேன்முறையீட்டில் ‘நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், தயவுசெய்து கருணை காட்டவும்’ என்று பக்கம் நிரப்புவது வீண். எந்தத் தகவல் தவறாகப் பதியப்பட்டது, சரியானது என்ன, அதற்கான தாள் எது என்று எழுதுங்கள். உதாரணமாக: ‘வீடு சொந்தம் எனப் பதியப்பட்டுள்ளது. நாம் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டு உரிமையாளரின் கடிதமும் வாடகைக் கொப்பியின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன.’ இப்படி இரண்டு மூன்று குறிப்பான பிழைகள் போதும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு அல்லது இலக்கம் வாங்குங்கள்.

என்ன பதிந்தார்கள் என்றே தெரியாவிட்டால் எப்படித் திருத்துவது? முதலில் நலன்புரி நன்மைகள் பிரிவில் நேரில் கேளுங்கள். 1924 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அங்கே பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் குடும்பம் பற்றிப் பதியப்பட்ட விவரங்களைப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கோரலாம். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை மேன்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தெரிந்த அளவில் முதலில் கொடுத்துவிடுங்கள், மேலதிகத் தகவலைப் பிறகு இணைக்கலாம்.

10. வங்கிக் கணக்கு

தெரிவானதும் பிரதேச செயலகம் சொல்லும் முறையில், அஸ்வெசுமவுக்கான கணக்கை அரச வங்கி ஒன்றில் திறக்க வேண்டும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றில் கிளை அருகில் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். வீடு மாறினாலும் போக்குவரத்துக்கு வசதியான நகரக் கிளை நல்லது. ஏற்கனவே கடன் நிலுவை உள்ள கணக்கைக் கொடுக்காதீர்கள், வந்த காசு கடனுக்குள் போகலாம்.

வீட்டுக்காரரின் கணக்குக்குக் காசு போகும்படி எழுதிக் கொடுக்கவோ, வாடகைப் பாக்கிக்குப் பிணையாக வங்கி அட்டையைக் கொடுக்கவோ வேண்டாம். இது நடக்கிறது. பாக்கி இருந்தால் காசை எடுத்துக் கையில் கொடுத்து, சீ.ஆர். கொப்பியில் எழுதுவியுங்கள்.

11. வீடு மாறினால்

வாடகைக்கு இருப்பவர் என்றைக்கும் ஒரே வீட்டில் இருக்கப்போவதில்லை. அதே விதானையார் பிரிவுக்குள் மாறினால் அவருக்குச் சொல்லி முகவரியைத் திருத்துவியுங்கள், புது வீட்டுக்காரரிடம் புதுத் தாளும் புது மின் கணக்கிலக்கமும் எடுங்கள். பழைய வீட்டின் கணக்கிலக்கம் பதிவில் கிடந்தால், அங்கே புதிதாக வந்தவர் பாவிக்கும் அலகும் உங்கள் பெயரிலேயே தெரியும்.

வேறு பிரதேச செயலகப் பிரிவுக்கு மாறினால், உதாரணமாக மல்லாவியிலிருந்து வவுனியா நகரத்துக்கு, முதலில் பழைய செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் இடமாற்றத்தைத் தெரிவித்து எழுத்தில் உறுதி வாங்குங்கள். அதன் பிறகே இரண்டாவது படியில் சொன்ன பதிவு மாற்றத்தைத் தொடங்குங்கள். புது ஊரில் புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டால் ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டு இடத்தில் வந்து, இரண்டும் நிறுத்தப்பட இடமுண்டு.

சபை அவ்வப்போது பயனாளிகளின் தகவலைப் புதுப்பிக்கச் சொல்லும். கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கலாம் என்பதால் தவணை தெரியாமலே போய்விடும். பழைய வீட்டுக்காரரிடமும் அங்கே இப்போது இருப்பவரிடமும் உங்கள் போன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வங்கியிலும் முகவரியை மாற்றுங்கள். ஒரு மாதம் காசு வராவிட்டால் அடுத்த மாதம் வரும் என்று காத்திராமல் அந்த வாரமே நலன்புரி நன்மைகள் பிரிவில் விசாரியுங்கள்.